கதீட்டரின் நுனி எங்கே நிற்கிறது

ஈரல் கேன்சருக்கு டேஸ் செய்யப் போகிறார்கள் என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், "என்ன மருந்து டாக்டர் போடுவீங்க? இம்போர்ட்டடா?" என்பதாகத்தான் இருக்கும். 2002க்குப் பிறகு வந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால், மருந்துக்கு அத்தனை மரியாதை தர வேண்டியதில்லை என்று தெரியும். கதீட்டர் என்கிற மெல்லிய குழாய் எதுவரை போகும், மிச்சமிருக்கும் ஈரல் தாங்குமா என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் தேவை. இந்தச் சிகிச்சையின் பலன், வலி, ஆபத்து எல்லாமே இந்த இரண்டில் அடங்கிவிடுகின்றன.

டேஸ் என்பது டிரான்ஸ்ஆர்ட்டீரியல் கீமோஎம்போலைசேஷனின் சுருக்கம். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனியில் ஊசி குத்தி, மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் கிளை வரை தள்ளுவார்கள். அங்கே கீமோ மருந்தைச் செலுத்திய பிறகு அந்தக் கிளையையே அடைத்துவிடுவார்கள். வயிற்றில் கத்தி படாது. குத்தும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நோயாளி விழித்துக்கொண்டிருப்பார், இருக்கவும் வேண்டும், ஏனென்றால் படம் எடுக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள்.

ஈரலுக்கு இரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒரே வீட்டுக்குக் கார்ப்பரேஷன் தண்ணீரும் போர் தண்ணீரும் வருவது மாதிரி. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை சுமார் 75 சதவீதமும், கல்லீரல் தமனி சுமார் 25 சதவீதமும் தருகின்றன. ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா என்கிற ஈரல் கேன்சரோ வளர வளரக் கிட்டத்தட்ட முழுவதும் தமனி இரத்தத்தையே நம்பத் தொடங்கிவிடும். பிரீடிஸ், யங் என்ற இருவர் 1954இல் இதைக் காட்டினார்கள். எனவே தமனிக் கிளையை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், சுற்றியுள்ள ஈரல் போர்ட்டல் இரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. போர்ட்டல் சிரையின் தண்டே கட்டியால் அடைபட்டிருந்தால், நல்ல ஈரலும் தமனியை மட்டுமே நம்பி நிற்கும். அதையும் அடைத்தால் ஈரல் செயலிழக்கும். ஆரம்பநிலைக் கட்டிகள் சில இன்னும் போர்ட்டல் இரத்தத்திலேயே வாழ்ந்துகொண்டிருக்கும். தமனியை அடைப்பது அவற்றை அசைக்காது. பித்த நாளங்களுக்குத் தமனியைத் தவிர வேறு இரத்தம் கிடையாது. டேஸின் பக்கவிளைவுகள் சிலவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசி விஷயம் உதவும்.

சிலருக்குப் பயாப்ஸியே எடுக்காமல் கேன்சர் என்று முடிவு செய்வதும், கட்டி தமனி இரத்தத்தை நம்பியிருக்கும் இதே காரணத்தால்தான். சிரோசிஸ் உள்ள, அதாவது தழும்பேறிய ஈரலில், சாயம் செலுத்தி மூன்று கட்டமாக சி.டி. எடுக்கும்போது, தமனிக் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து பிந்தைய கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போகும் கட்டிக்குத் திசுப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. படத்தில் அப்படி ஒளிராத கட்டிக்கு டேஸ் நல்ல தேர்வும் அல்ல.

யாருக்குச் செய்யலாம்

சிறிய கட்டி ஒன்று இரண்டு என்றால் டேஸ் முதல் தேர்வு கிடையாது. அறுவை, மாற்று ஈரல், 3 செ.மீ.க்குள் இருந்தால் ஊசி வழியே சூடேற்றிப் பொசுக்கும் மைக்ரோவேவ் அல்லது ரேடியோஃப்ரீக்வென்சி ஆகியவைதான் முன்னால் வரும். இவற்றில் எதுவும் ஒத்துவராதபோதும், கட்டிகள் பல இருந்து இரத்தக் குழாய்க்குள்ளோ ஈரலுக்கு வெளியிலோ பரவாதபோதும் டேஸின் முறை வருகிறது. ஈரல் கேன்சர் எந்த அளவில் இருக்கிறது என்று பிரிக்கும் பார்சிலோனா நிலைப் பகுப்பில் இதுதான் பி நிலை. 2022 திருத்தத்தில் அந்தப் பி நிலையையே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். எல்லை தெளிவான கட்டிகள், தடையற்ற போர்ட்டல் ஓட்டம், கட்டியின் கிளைக்குள் தனியாகப் போக வழி இருப்பவர்கள் டேஸுக்கு. ஈரல் முழுக்க விரவிப் பரவியிருப்பவர்கள் நேராக மருந்துச் சிகிச்சைக்கு. மாற்று ஈரலுக்குத் தகுதி பெறக்கூடியவர்கள் அந்த வழிக்கு. கிளைக்குள் போக முடியுமா என்பது தேர்வின் நிபந்தனையாகவே எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது ஈரலின் கையிருப்பு. பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), ஆல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு), வயிற்று நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்தையும் வைத்து சைல்ட்-பியூ மதிப்பெண் போடுவார்கள். 5, 6 என்றால் ஏ. 7 முதல் 9 வரை பி. 10ம் அதற்கு மேலும் சி. ஏ பிரிவினரும் பி பிரிவில் 7 மதிப்பெண் உள்ள சிலரும்தான் பாதுகாப்பான எல்லைக்குள் இருப்பவர்கள். பிலிருபின் 3 மி.கி.யைத் தாண்டியவர், நீர் எடுக்க எடுக்க ஊறும் வயிறு உள்ளவர், அடிக்கடி உளறல் வருபவர், பெரும்பாலும் படுக்கையிலேயே இருப்பவர் இவர்களுக்கு டேஸ் செய்தால் கட்டி சாகலாம்; ஆளைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். "ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க" என்று குடும்பம் கெஞ்சுவது புரிகிறது. இந்த இடத்தில் மறுக்கும் மருத்துவரை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

முன்னேற்பாட்டில் இரத்தத்தட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை, ஐ.என்.ஆர்., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்ப்பார்கள். பிளேட்லெட் 50,000 என்பது பல மையங்கள் வைத்திருக்கும் எல்லை. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து கொடுக்கப்போவதாக இருந்தால், முன்பு கீமோ எடுத்தவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் எக்கோ அவசியம். அந்த மருந்துக்கு வாழ்நாள் உச்ச அளவு உண்டு. ஹெபடைடிஸ் பி இருப்பவர் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீமோவுக்குப் பின் வைரஸ் கிளர்ந்து எழலாம். முன்பு பித்த நாளத்தில் ஸ்டென்ட் வைத்ததோ, பித்த நாளத்தைக் குடலோடு இணைத்ததோ உண்டென்றால் அதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

கேத் லேபில்

செல்டிங்கர் என்ற ஸ்வீடன் நாட்டுக் கதிரியக்க மருத்துவர் 1953இல் எழுதிய முறைதான் இன்றும். ஊசி, அதன் வழியே கைடு வயர், ஊசியை உருவிவிட்டு வயரின் மேல் குழாய். தொடையில் குத்துவதானால் தொடை எலும்புத் தலைக்கு நேர் முன்னால் குத்த வேண்டும். காரணம், வெளியே அழுத்தும்போது பின்னால் எலும்பு தாங்க வேண்டும். அதற்கு மேலே குத்தினால் இரத்தம் வயிற்றுக்குப் பின்பக்கம் கசிந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் பிரஷர் இறங்கும். மணிக்கட்டு வழியானால் இடது கையைத் தேர்ந்தெடுப்பார்கள். நோயாளி உடனே எழுந்து உட்காரலாம். அங்கே தமனி சுருங்கிக் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்வது ஒரு தொல்லை.

குழாயின் கனத்தை ஃப்ரெஞ்ச் என்ற அலகில் சொல்வார்கள். 3 ஃப்ரெஞ்ச் என்பது 1 மி.மீ. முதலில் 5 ஃப்ரெஞ்ச் ஷீத் (குத்திய இடத்தில் நிற்கும் உறைக்குழாய்), அதற்குள் 5 ஃப்ரெஞ்ச் கதீட்டர். கோப்ரா, சிம்மன்ஸ் என்று வளைவுக்கு வளைவு பெயர் மாறும். அதைப் பெருந்தமனியிலிருந்து பிரியும் சீலியாக் தமனியின் வாயில் பொருத்துவார்கள். அதன் உள்ளே 2.7 ஃப்ரெஞ்ச் அல்லது இன்னும் மெல்லிய மைக்ரோகதீட்டர். உண்மையான வேலை இதன் நுனியில் நடக்கிறது. இன்று 2 ஃப்ரெஞ்சுக்கும் குறைந்த நுனிகள் கிடைக்கின்றன, அதாவது முக்கால் மி.மீ.கூட இல்லாத குழாய்.

முதலில் வரைபடம் எடுக்க வேண்டும். எல்லாருக்கும் ஈரல் தமனி ஒரே மாதிரி இருக்காது. வலது கிளை குடல் தமனியான எஸ்.எம்.ஏ.யிலிருந்து வருபவர் பத்தில் ஒருவருக்கும் மேல். இடது கிளை வயிற்றின் இடது இரைப்பைத் தமனியிலிருந்து வருபவரும் ஏறத்தாழ அவ்வளவு பேர். சீலியாக்கை மட்டும் படம் பிடித்துவிட்டு "வலது பக்கக் கட்டிக்கு இரத்தமே போகவில்லை" என்று முடிவு கட்டினால் அது தேடாததன் விளைவு. எஸ்.எம்.ஏ.யில் கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் சாயம்) செலுத்திப் பொறுமையாகக் காத்திருந்தால், அதே படத்தின் பிற்பகுதியில் போர்ட்டல் சிரை நிரம்பி, திறந்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். சிலருக்கு உதரவிதானத் தசைநார் சீலியாக்கின் வாயை நெரித்திருக்கும். அப்போது எஸ்.எம்.ஏ. வழியே கணையத்தைச் சுற்றி வரும் தொடர்பு வளையத்தில் சுற்றுவழியாக ஈரலுக்குப் போக வேண்டியிருக்கும்.

கட்டி ஈரலின் மேற்பரப்பில், உதரவிதானத்தை ஒட்டி இருந்தால் அதற்கு ஈரல் தமனி மட்டுமே ஊட்டுகிறது என்று நம்பக்கூடாது. உதரவிதானத்துக்கு இரத்தம் தரும் வலது இன்ஃபீரியர் ஃப்ரீனிக் தமனிதான் அடிக்கடி அகப்படும் வெளி ஊட்டம். விலா எலும்பிடைத் தமனி, மார்பின் உட்புறத் தமனி, அட்ரினல் தமனி என்று பட்டியல் நீளும். முதல் டேஸுக்குப் பின் கட்டியின் ஒரு ஓரம் மட்டும் பிறை வடிவில் உயிரோடு இருக்கிறதென்றால் முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான்.

கடந்த இருபது வருடங்களில் இந்த வேலையை மாற்றிய கருவி எது என்று கேட்டால், எந்த மருந்தையும் சொல்லமாட்டேன். கோன் பீம் சி.டி.யைச் சொல்வேன். ஆஞ்சியோ இயந்திரமே நோயாளியைச் சில விநாடிகளில் சுற்றிவந்து முப்பரிமாணப் படம் தரும். நுனி நிற்கும் கிளையில் நீர்த்த கான்ட்ராஸ்ட் விட்டுச் சுற்றினால், இந்தக் கிளை கட்டியின் எவ்வளவு பகுதிக்கு ஊட்டுகிறது, வயிற்றுக்கோ பித்தப்பைக்கோ போகிறதா என்று மருந்து போடும் முன்பே தெரிந்துவிடும். நோயாளி மூச்சைப் பிடிக்கத் தவறினால் படம் மங்கி வீணாகும். மூச்சுப் பிடிக்கும் பயிற்சியை முந்தின நாளே வார்டில் செய்யவைக்கும் மையங்கள் புத்திசாலிகள்.

கசகசா எண்ணெய்

லிபியோடால் என்பது அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய். நம் குருமாவில் போகும் அதே கசகசாதான். 1901இல் பிரான்ஸில் மார்செல் கெர்பே உருவாக்கியது. ஒரு மி.லி.யில் 480 மி.கி. அயோடின் இருப்பதால் எக்ஸ்ரேயில் பளீரென்று தெரியும். 1970களில் பிரான்ஸில் டோயோன் குழுவும் ஒசாகாவில் யமாடா குழுவும் ஈரல் தமனியை அடைக்கத் தொடங்கியிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் குமமோட்டோவின் கொன்னோ குழு, ஈரலுக்குள் விட்ட இந்த எண்ணெய் நல்ல திசுவிலிருந்து மெல்ல வெளியேறிக் கட்டிக்குள் மட்டும் வாரக்கணக்கில் தங்குவதைப் பயன்படுத்திக்கொண்டது. மருந்தைச் சுமக்கும் வண்டியாகவும், தற்காலிக அடைப்பாகவும், எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளமாகவும் ஒரே எண்ணெய் மூன்று வேலை செய்கிறது.

டாக்ஸோரூபிசின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே இரண்டையும் எமல்ஷனாக்க வேண்டும். இதில் செய்நேர்த்தி குறைந்தால் மற்ற எல்லாத் திறமையும் வீண். மருந்து உள்ள நீர்த்துளிகள் எண்ணெய்க்குள் மிதக்க வேண்டும். தலைகீழாக எண்ணெய்த் துளிகள் நீருக்குள் மிதந்தால் மருந்து உடனே இரத்தத்தோடு அடித்துச் செல்லப்படும். அதற்கு எண்ணெய் நீரைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். உதாரணமாக 50 மி.கி. பொடியை 2.5 மி.லி. கான்ட்ராஸ்டில் கரைத்து, 7.5 மி.லி. லிபியோடாலோடு கலப்பது. சலைனில் கரைக்காமல் கான்ட்ராஸ்டில் கரைப்பதற்குக் காரணம் அடர்த்தி. லிபியோடாலின் அடர்த்தி சுமார் 1.28, கான்ட்ராஸ்ட் அதற்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் சீக்கிரம் பிரியாது.

இரண்டு சிரிஞ்சுகளை ஒரு த்ரீ வேயில் (மூன்று வாய் இணைப்பில்) மாட்டி, மருந்துச் சிரிஞ்சை எண்ணெய்ச் சிரிஞ்சுக்குள் முதலில் தள்ள வேண்டும். பிறகு முன்னும் பின்னுமாகக் குறைந்தது 20 முறை. சாதாரண பாலிகார்பனேட் த்ரீ வே லிபியோடால் பட்டால் விரிசல் விடும். பாதி வேலையில் கீமோ மருந்து மேசையில் கசிந்து நிற்பதைத் தவிர்க்க லிபியோடாலைத் தாங்கும் வகையையே வாங்கி வைக்க வேண்டும். எமல்ஷன் வைத்த இடத்தில் பிரியத் தொடங்கும். அதனால் கடைசி நிமிடத்தில் கலந்து, ஒவ்வொரு தடவை செலுத்தும் முன்பும் மறுபடி தள்ளிக் கலக்க வேண்டும்.

செலுத்துவது 1 மி.லி. சிரிஞ்சில், திரையைப் பார்த்தபடி, மெதுவாக. கட்டி நிரம்பிய பிறகு எண்ணெய் நுண்தொடர்புகள் வழியே போர்ட்டல் சிரையின் பொடிக் கிளைகளுக்குள் வழிந்து, திரையில் கட்டியைச் சுற்றி மெல்லிய கோடுகளாகத் தெரியும். ஜப்பானின் மியாயாமா குழு 2007இல் காட்டியது இதைத்தான்: இந்தக் கோடுகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றனவோ அவ்வளவுக்கு அதே இடத்தில் கட்டி மறுபடி முளைப்பது குறைகிறது. கட்டியின் ஓரத்தில் போர்ட்டல் இரத்தம் குடித்துத் தப்பும் செல்களையும் இந்த இரட்டை அடைப்பு பிடித்துவிடுகிறது. நுனி கட்டிக்குரிய கிளையின் ஆழத்தில் இருந்தால்தான் இது சாத்தியம். வலது தமனியின் தண்டில் நின்றுகொண்டு இதே அளவு எண்ணெயை விட்டால் பாதி ஈரலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து போய்விடும்.

அதன் பின் 1 மி.மீ. அளவுக்கு வெட்டிய ஜெலட்டின் ஸ்பாஞ்சுத் துணுக்குகள். இவை சில வாரங்களில் கரைந்து தமனி மறுபடி திறக்கும். அடுத்த முறை போக வழி வேண்டுமே. எதுவரை அடைப்பது என்பதில் கட்டுப்பாடு வேண்டும். கட்டியின் கிளையில் ஓட்டம் நிற்க வேண்டும், தாய்த் தமனியில் நிற்கக்கூடாது. சில நிமிடம் காத்திருந்து மறுபடி படம் எடுத்தால், நின்றதாக நினைத்த ஓட்டம் சில சமயம் திரும்பியிருக்கும். லிபியோடாலுக்கு ஒரு தடவைக்கு உச்சவரம்பு சுமார் 15 மி.லி. 20ஐத் தாண்டினால், குறிப்பாகக் கட்டிக்குள் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருந்தால், எண்ணெய் நுரையீரலுக்குப் போய் மூச்சுத் திணறலில் முடியலாம். செலுத்தும்போது நோயாளி இருமத் தொடங்கினால் கையை நிறுத்த வேண்டும்.

மருந்தா, அடைப்பா

2002இல் இரண்டு ஆய்வுகள் டேஸுக்கு இடம் வாங்கிக்கொடுத்தன. பார்சிலோனாவில் லோவே குழுவின் 112 பேரில், கீமோவோடு அடைத்தவர்களில் இரண்டு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 63 சதவீதம். ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 27. ஹாங்காங்கின் லோ குழுவில் அதே கணக்கு 31 சதவீதத்துக்கு 11. இரண்டு ஊர்களின் எண்களுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கக் காரணம் நோயாளிகள். ஹாங்காங்கில் கட்டிகள் பெரியவை, பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி. பார்சிலோனா குழு மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்தது. ஒரே சிகிச்சை, ஆள் தேர்வால் இத்தனை மாறுகிறது.

பிறகு மருந்து ஏற்றிய நுண்மணிகள் வந்தன. 100 முதல் 300 மைக்ரான் அளவுள்ள மணிகள் டாக்ஸோரூபிசினை உறிஞ்சிவைத்து, தமனியில் சிக்கிக்கொண்டு நாள்கணக்கில் மெல்ல விடும். எமல்ஷன் கலக்கும் வம்பு இல்லை, இரத்தத்தில் மருந்து கலப்பது குறைவு. விலை அதிகம். 212 பேரை வைத்து 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் கட்டி சுருங்குவதில் மணிகள் பழைய முறையைத் தெளிவாக வெல்லவில்லை. இத்தாலியில் 177 பேரிடம் செய்த ஆய்வில் ஆயுளில் வித்தியாசம் இல்லை. செய்த பிறகு வரும் வலி மட்டும் குறைந்தது. நியூயார்க்கில் 101 பேரில், மருந்து ஏற்றிய மணிக்கும் மருந்தே இல்லாத வெறும் மணிக்கும் பலனில் வித்தியாசம் காணவில்லை. சிரோசிஸ் குறைந்த ஈரலில் மணிகள் பித்த நாளத்தைப் பாதிப்பது எண்ணெயைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "இம்போர்ட்டட் மணி" என்பதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

மறுபக்கம், போலோக்னாவில் மாற்று ஈரல் சிகிச்சையில் வெளியே எடுத்த ஈரல்களை வெட்டிப் பார்த்தபோது, தனிக் கிளைக்குள் போய்ச் செய்தவர்களின் கட்டியில் சராசரியாக 75 சதவீதம் இறந்திருந்தது. ஒரு பக்க ஈரல் முழுவதற்கும் செய்தவர்களில் 53 சதவீதம். நுனி நின்ற இடம் தந்த வித்தியாசம் அது.

என்ன தவறலாம்

முதல் சில நாள் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழ் வலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமை இவை பெரும்பாலோருக்கு வரும். இறக்கும் கட்டியின் எதிர்வினை இது, கிருமி அல்ல. ஈரல் செல்கள் சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்சைம்கள் முதல் மூன்று நாள்களில் எகிறி, ஓரிரு வாரத்தில் இறங்கும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். பிலிருபின் ஏறிக்கொண்டே போவதுதான் பதற வேண்டிய விஷயம். 10,000க்கும் மேற்பட்டோரைத் தொகுத்த 2016 ஆய்வில் இந்தச் சிகிச்சையால் இறந்தவர்கள் 0.6 சதவீதம், அதில் முக்கியக் காரணம் ஈரல் செயலிழப்பு.

மருந்து வழி தவறினால் எங்கே போகிறதோ அங்கே வலிக்கும். சிஸ்டிக் தமனிக்குப் போனால் பித்தப்பை வீங்கும். வலது இரைப்பைத் தமனிக்குப் போனால் வயிற்றிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ புண் வரும். சாதாரண அல்சர் மாத்திரைக்கு அது லேசில் அடங்காது. ஃபால்சிஃபார்ம் தமனிக்குப் போனால் தொப்புளுக்கு மேலே தோல் சிவந்து எரியும். அந்தக் கிளை படத்தில் தெரிந்தால், செலுத்தும் நேரத்தில் வயிற்றின் மேல் ஐஸ் பை வைத்துத் தோலின் குழாய்களைச் சுருக்குவது எளிய தந்திரம்.

பித்த நாள ஸ்டென்ட் விஷயம் இதுதான். பித்த நாளத்தின் வாயில் ஒரு சுருக்குத் தசை குடலின் கிருமிகளை உள்ளே விடாமல் காக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கும், அந்தத் தசையை வெட்டியவருக்கும், நாளத்தைக் குடலோடு இணைத்தவருக்கும் அந்தக் காவல் இல்லை. ஈரலுக்குள் கிருமி ஏற்கெனவே குடியிருக்கும். டேஸ் அதற்கு இறந்த திசுவைத் தீனியாக வைக்கிறது. ஈரலில் சீழ்க்கட்டி வரும் ஆபத்து இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். முன்னதாகவே ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. ஒரு வாரம் கழித்து நடுக்கத்தோடு புதிதாகக் காய்ச்சல் வந்தால் "டேஸ் காய்ச்சல்தான்" என்று வீட்டில் இருக்கக்கூடாது.

வீட்டில் பாராசிட்டமால் நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் கூடவே கூடாது. சிரோசிஸ் உள்ளவருக்கு அவை சிறுநீரகத்தைக் கவிழ்க்கும், உணவுக்குழாய் இரத்தக்கசிவைத் தூண்டும். தொடையில் செய்தவர் 4 முதல் 6 மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். கீழாநெல்லி, சூரணம், பெயர் தெரியாத லேகியம் எதையும் இந்த வாரங்களில் சேர்க்க வேண்டாம். பிலிருபின் ஏறினால் ஏறியது டேஸாலா லேகியத்தாலா என்று பிரித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை.

எப்போது நிறுத்துவது

4 முதல் 6 வாரத்தில் மூன்று கட்ட சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கட்டியின் அளவு சுருங்கியதா என்பதை இங்கே பார்ப்பதில்லை. தமனிக் கட்டத்தில் ஒளிரும் பகுதி எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் அளப்பார்கள். 6 செ.மீ. கட்டி 6 செ.மீ.யாகவே இருந்து துளியும் ஒளிரவில்லையென்றால் அது முழு வெற்றி. எண்ணெய் சி.டி.யில் வெள்ளையாகத் தெரிவதால், அதன் பின்னால் ஒளியும் மிச்சக் கட்டியை எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும்.

மிச்சம் இருந்தால் மறுபடி செய்யலாம். இத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்று கேலண்டர் பார்த்துச் செய்வது பழைய பழக்கம். தேவைப்பட்டால் மட்டுமே என்பது இன்றைய நடைமுறை. ஒவ்வொரு முறையும் தமனி கொஞ்சம் கெடுகிறது, ஈரலும் கொஞ்சம் இழக்கிறது. இரண்டு முறை செய்தும் கட்டி அசையவில்லை என்றாலோ, போர்ட்டல் சிரைக்குள் புகுந்துவிட்டதென்றாலோ, சைல்ட்-பியூ ஏ பியாக இறங்கியதென்றாலோ மூன்றாவது முறைக்குத் தேதி கேட்காமல் கேன்சர் மருந்து நிபுணரைப் பார்க்க வேண்டும். அட்டிசோலிசுமாப்-பெவசிசுமாப் போன்ற மருந்து இணைகள் 2020க்குப் பிறகு வழக்கத்துக்கு வந்துவிட்டன. அவற்றைத் தாங்கவும் சைல்ட்-பியூ ஏ ஈரல் வேண்டும். ஆறாவது டேஸில் ஈரலைத் தீர்த்துவிட்டு அந்த மருந்துகளுக்குப் போகிறவர்களுக்கு அவை கொடுக்க முடியாததாகிவிடுகின்றன. டேஸோடு சேர்த்தே மருந்து கொடுக்கும் ஆய்வுகளில் நோய் முன்னேறாமல் இருக்கும் காலம் கூடியிருக்கிறது: துர்வலுமாப், பெவசிசுமாப் சேர்த்தபோது 8.2 மாதம் 15 ஆனது. ஆயுள் கூடியதா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாக எண்ணி மகிழ வேண்டாம்.

போர்ட்டல் கிளை அடைபட்டவர்களுக்கு யிட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய நுண்மணிகள் ஒரு மாற்று. அதன் பீட்டா கதிர் திசுவுக்குள் சராசரியாக 2.5 மி.மீ. மட்டுமே பாயும், அரை ஆயுள் 64 மணி நேரம். அடைப்பைவிடக் கதிர்தான் அங்கே வேலை செய்வதால் போர்ட்டல் ஓட்டம் குறைந்தாலும் செய்யலாம். ஆனால் முன்னதாக டெக்னீசியம் ஏற்றிய ஆல்புமின் துகளைச் செலுத்தி, நுரையீரலுக்கு எவ்வளவு கசிகிறது என்று அளந்தாக வேண்டும். இரண்டு முறை கேத் லேப், பெரிய பில்.

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். செய்முறைக் குறிப்பு தனியாக இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எந்தத் தமனியிலிருந்து ஈரல் கிளைகள் பிரிகின்றன, நுனி எந்தக் கிளை எண் வரை போனது, எத்தனை மி.லி. லிபியோடால், எத்தனை மி.கி. மருந்து, கடைசிப் படத்தில் ஓட்டம் நின்றதா, போர்ட்டல் கிளைகள் நிரம்பினவா, வெளி ஊட்டத் தமனிகளைத் தேடினார்களா என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். "வலது கல்லீரல் தமனியில் டேஸ் செய்யப்பட்டது" என்று ஒரே வரி இருந்தால், இன்னும் உள்ளே ஏன் போக முடியவில்லை என்று கேட்பது நியாயமான கேள்வி. கட்டிகள் பரவிக் கிடப்பது, கிளை மிகவும் சுருண்டிருப்பது என்று நியாயமான பதில்களும் உண்டு. ஆஞ்சியோ படங்களும் சி.டி.யும் அடங்கிய டிஸ்க்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு ஊரில் செய்ய நேர்ந்தால், அந்த வரைபடத்தை முதலிலிருந்து எடுக்கும் கான்ட்ராஸ்டும் கதிரும் பெருமளவு மிச்சமாகும்.